மஞ்சள் திரையில் பச்சைக் கிளி

போன வாரம் நான் பிரஸ் பக்கம் வந்தபோது டிசைன் ரூமில் ஒரே ரகளை. உங்களில் இரண்டு பேர் மானிட்டர்களை அடுத்தடுத்து வைத்துக்கொண்டு, என் சிவப்புதான் சிவப்பு, உன்னுடையது சோப்புப் போட்டு வெளுத்த சிவப்பு என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். ரிட்டயர் ஆனவள் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. "ரெண்டும் சரியில்லை, போய் மிஷின்ல பாருங்க" என்று சொல்லிவிட்டேன். கிழவிக்கு என்ன தெரியும் என்று ஒருத்தர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. பரவாயில்லை, நானும் அந்த வயதில் முணுமுணுத்தவள்தான். ஆனால் பதில் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது எங்கள் திரையில் சிவப்பே கிடையாது. பச்சை, நீலம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, அதில் மஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நாங்கள் தீப்பெட்டிக்குக் கலர் லேபிள் போட்டோம். சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. எங்கள் முதலாளியைக் கோவில்பட்டியில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். மதுரையில் ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை அவர் வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். நான் அப்போது பஜாரில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஒரு கம்ப்யூட்டர் இருந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அண்ணாச்சிக்கு ஒரு நினைப்பு. "டீச்சர், நீங்க வந்து இதை ஓட்டிக் குடுங்க" என்று கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு மாதத்துக்கு என்று வந்தவள் தலை நரைக்கிறவரை இருந்துவிட்டேன். டீச்சர் என்கிற பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டருக்கென்று கண்ணாடி வைத்து ஒரு தடுப்பு அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வெயில் காலத்தில் கரிசல் புழுதி எல்லாச் சந்திலும் நுழையும் என்பதால் வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுவோம். அண்ணாச்சி முதல் நாளே மானிட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, யாரும் துடைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். கலர் மானிட்டர் வாங்கலாமே என்று கேட்டதற்கு, "அது விலைக்கு ஒரு கட்டிங் மிஷின் வாங்கிருவேன் டீச்சர்" என்று முடித்துவிட்டார்.

சங்கடம் என்னவென்றால், லேபிள் வரைய அவர் வாங்கியிருந்த புரோகிராம் கலர் புரோகிராம். அதை ஓடவிட்டால் பீப் என்று ஒரு சத்தம் வரும். கம்ப்யூட்டருக்குள் கலர் கார்டு இல்லை என்று ஒரு வரி வரும். அதோடு கதை முடிந்தது. மதுரையிலிருந்து சர்வீஸ் என்ஜினியர் ஒருவரை வரவழைத்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்துப் போட்டார்.

"மொதல்ல இதை ஓட்டுங்க மேடம். உள்ள கலர் கார்டு இருக்குன்னு இது அந்தப் புரோகிராம்கிட்ட சொல்லிரும்" என்றார்.

"இல்லாததை இருக்குன்னு சொல்லுமா?"

"சொல்லும். அதுவும் நம்பிக்கிரும்."

பக்கத்தில் நின்ற அண்ணாச்சி, "அப்போ இது டூப்பு விடுதுன்னு சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து அந்தப் பிளாப்பிக்கு டூப்பு என்றே பெயர். காலையில் வந்ததும் சாமி படத்துக்குப் பத்தி, பிறகு டூப்பு, பிறகு கலர் புரோகிராம். வரிசை மாறினால் கம்ப்யூட்டர் அசையாது.

டூப்பு வேலை செய்தது. ஆனால் கலர் எங்கிருந்து வரும்? அந்தப் புரோகிராம் ஒரு நேரத்தில் நாலு கலர்தான் காட்டும். கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மற்ற மூன்றும் எங்கள் திரையில் மஞ்சள் புள்ளிகளாகத்தான் விழும். ஒன்றாம் நம்பர் கலருக்குப் புள்ளி தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டாம் நம்பருக்கு நெருக்கமாக இருக்கும். மூன்றாம் நம்பர் இடைவெளியே இல்லாமல் முழு மஞ்சள். இதைப் பார்த்து, இது பச்சை, இது சிவப்பு என்று நாமாக மனதுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தப் புள்ளிக் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். சுடலைமுத்து. எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர், என் வயதுதான். நான் வருவதற்கு முன்பிருந்தே பிரஸ்ஸில் ஆர்ட் சீட்டில் கறுப்பு மையால் கோடு போடுகிறவராக இருந்தார். கம்ப்யூட்டரைத் தொடவே பயந்தவர், தொட்ட பிறகு விடவில்லை. அவர் திரையில் வரைந்து புள்ளி நிரப்புவார். எந்த நம்பருக்கு எந்த மை என்று அட்டையில் எழுதி மிஷினுக்கு அனுப்புவது என் வேலை. சேவலின் கொண்டைக்கு என்ன போடலாம் என்று கேட்டால் நான் சிவப்பு என்பேன், அவர் ரெண்டாம் நம்பர் என்பார். எங்களுக்குள் அப்படித்தான் பேச்சு நடந்தது.

அந்தச் சேவலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதுரைக் கடை ஒன்றில் கலர் மானிட்டர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அண்ணாச்சி லேபிள் ஆர்டர் தருகிற ஒரு பார்ட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போனார். நம்ம ஆள்கள் போட்ட டிசைனைக் கலரிலேயே பாருங்கள் என்று வழியெல்லாம் பெருமை. கடையில் பிளாப்பியைப் போட்டதும் எங்கள் சேவல் திரைக்கு வந்தது. உடம்பெல்லாம் ரோஸ், சுற்றிலும் ஆகாய நீலம். பார்ட்டி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, சேவலுக்குப் பவுடர் அடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார். கடைக்காரர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தோம். சுடலைமுத்து மட்டும் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். அதற்குக் காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சேவல் ரோஸ் ஆனது இப்படித்தான். அந்தப் புரோகிராமில் கலர்கள் இரண்டு கட்டாக இருந்தன. ஒரு கட்டில் பச்சை, சிவப்பு, மஞ்சள். இன்னொரு கட்டில் ஆகாய நீலம், ரோஸ், வெள்ளை. எங்கள் மஞ்சள் திரையில் இரண்டு கட்டும் அச்சு அசல் ஒரே மாதிரிப் புள்ளியாகத்தான் தெரியும். நாங்கள் ஆரம்பத்திலிருந்தே தப்பான கட்டில் உட்கார்ந்துகொண்டு, அடடா என்ன சிவப்பு என்று ரசித்திருக்கிறோம். மிஷினுக்குப் போகும் அட்டையில் மையின் பெயரை நான் கையால் எழுதியதால் அச்சில் தப்பு வரவில்லை, பிழைத்தோம். பிள்ளைகளே, திரை உங்களுக்குக் கலர் காட்டவில்லை. ஒரு நம்பரை வாங்கி அதற்குத் தெரிந்த வெளிச்சத்தைப் போடுகிறது, அவ்வளவுதான். அன்றைக்கு அது ரோஸ் சேவலாக நின்று எங்களுக்கு விளங்கவைத்தது. உங்கள் சண்டைக்கும் அதுதான் என் பதில்.

சில வருஷம் ஓடியது. ஊரில் மற்ற பிரஸ்களிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் அண்ணாச்சி வேறு வழியில்லாமல் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார், கலர் மானிட்டரோடு. அதை ஆன் பண்ணிய அன்று மிஷின்மேன்கள் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். நான் சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு கலராக எடுத்து எடுத்து ஊற்றிப் பார்த்தேன். பழையதைத் துணி போட்டு மூடி ஓரமாக ஒதுக்கிவிட்டோம். வருகிற விலைக்குத் தள்ளிவிடலாம் என்று அண்ணாச்சி ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுசு வந்ததிலிருந்து சுடலைமுத்து மாறிப்போனார். மடமடவென்று வேலை முடிக்கிற மனிதர் ஒரு லேபிளை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தார். கண் எரிகிறது என்றார். அவசரமில்லாத வேலைகளையெல்லாம் துணி மூடிய பழைய கம்ப்யூட்டரில்தான் செய்வேன் என்று அடம்பிடித்தார். புதுசு பிடிக்கவில்லை, பிடிவாதம் என்று நான் நினைத்தேன். ஊர்ப் பெயரே எப்போதும்வென்றான், இவர் எங்கே தோற்பார் என்று கிண்டல்கூட அடித்தேன். அவர் சிரித்து வைத்தார்.

கயத்தாறுப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் எங்களுக்குப் பழைய பார்ட்டி. ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி ஆபீஸ் இல்லை, இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம் என்று வெளியூரிலிருந்து வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அதன் முதலாளி தவறிய பிறகு அவருடைய மனைவி, நாங்கள் கயத்தாறு அம்மா என்போம், அவர்தான் அதை நடத்தினார். அவருடைய லேபிள் பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு, பக்கத்தில் ஒரு பழம். அதையே கொஞ்சம் புதுசாக வரைந்து தரச் சொல்லியிருந்தார். காலையில் நான் உள்ளே நுழைந்தபோது சுடலைமுத்து புதுக் கம்ப்யூட்டரில் அந்தக் கிளிக்குக் கலர் நிரப்பி முடித்திருந்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சுடலை, கிளி துருப்பிடிச்சுப் போச்சா?" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன் டீச்சர்?"

"செங்கல் கலர்ல நிக்குதே."

"பச்சைதான போட்டிருக்கேன்" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் வேடிக்கை இல்லை. மறுபடியும் ஒருமுறை திரையைப் பார்த்து, கிளியின் மேல் விரலை வைத்து, "இது பச்சை இல்லையா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அவராகச் சொன்னார். "சின்னதுல இருந்தே அப்படித்தான். எங்க மிளகாய்ப் புஞ்சையில பழம் பறிக்கச் சொல்லுவாவ. நான் காயும் சேர்த்துப் பறிச்சிட்டு வந்து அடி வாங்குவேன். பெறவு தொட்டுப் பாத்துப் பறிக்கப் படிச்சுக்கிட்டேன். பழம்னா கொஞ்சம் தளர்ந்திருக்கும்லா."

ரயில்வேயில் எழுத்துத் தேர்வில் தேறி மெடிக்கலுக்குப் போயிருக்கிறார். "புள்ளி புள்ளியா ஒரு புஸ்தகத்தைக் காட்டுனாவ. உள்ள நம்பர் இருக்குன்னாவ. கூட வந்தவன்லாம் படபடன்னு சொல்லுதான். எனக்கு வெறும் புள்ளிதான் தெரியுது. அன்னைக்கே அனுப்பிட்டாவ. இங்கன வந்த பெறகு, அந்தப் பழைய பெட்டியில புள்ளியைப் பாத்ததும் மொதல்ல பயந்துட்டேன் டீச்சர். ஆனா அதுல எனக்கும் தெரிஞ்சுது. நீங்க பாக்கதுதான் நானும் பாத்தேன்."

இரண்டு வருஷமாக அவர் ஊரில் மழை இல்லை. கரிசல் வெடித்துக் கிடந்தது. அவர் மனைவிக்கு அது மாசமான நேரம். இந்தச் சம்பளத்தை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது. அச்சு வேலை செய்கிற ஊரில் சிவப்பும் பச்சையும் தெரியாதவன் என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் எந்தப் பிரஸ் வாசலிலும் நிற்க முடியாது. "அண்ணாச்சிகிட்ட சொல்லிராதீங்க டீச்சர்" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். கிளியை நான் சரிபண்ணித் தருகிறேன், இனிமேல் கலர் வேலை வந்தால் என் பக்கம் தள்ளிவிடுங்கள் என்றேன். அந்தத் துருக் கலரை அப்போதே அழித்துக் கிளியை வெறும் கோடாக வைத்தேன். அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

எங்கே ஓட்டவிட்டார்கள்? மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிறோம், வாசலில் கார் வந்து நிற்கிறது. கயத்தாறு அம்மா. தோதான ஆள் கிடைத்ததும் அண்ணாச்சிக்குப் புதுக் கம்ப்யூட்டரைக் காட்ட ஆசை வந்துவிட்டது. "வாங்கக்கா, இனிமே வாரக் கணக்குல காத்திருக்க வேண்டாம். நீங்க சொல்லச் சொல்ல இங்கனயே கலர் மாறும், பாருங்க" என்று செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே கூட்டி வந்தார்.

நான் முந்திக்கொண்டு போய் மவுஸைப் பிடித்தேன். அண்ணாச்சி, "நீங்க எந்திரிங்க டீச்சர், சுடலை உக்காரட்டும். அவன் கைதான் ராசியான கை" என்றார். சுடலைமுத்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். காதோரம் வேர்த்து ஓடியது.

"தம்பி, வடக்க நம்ம பெட்டியை எழுத்தைப் படிச்சு ஒருத்தனும் வாங்குததில்ல" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். "தோத்தா, தோத்தான்னு கிளியைச் சொல்லித்தான் கேக்குதாவ. அந்தப் பச்சை அவன் கண்ணுல பழகிப் போச்சு. அது மாறுச்சுன்னா போலிப் பெட்டின்னு தூக்கிப் போட்டுருவான். மொதல்ல உடம்புக்கு நல்ல இலைப் பச்சையா வை."

திரையின் கீழே சின்னச் சின்னக் கட்டமாகக் கலர்கள் வரிசையாக இருந்தன. சுடலைமுத்துவின் கை அந்த வரிசைக்கு மேலே அப்படியே நின்றது. நான் பின்னால் நின்றுகொண்டு, "இடமிருந்து ஆறாவது கட்டம் நல்லாருக்கும்" என்றேன். அவர் அதை அமுக்கினார். வெறும் கோடாக நின்ற கிளி பச்சையானது. இறக்கைக்குக் கொஞ்சம் கறுத்த பச்சை என்றார் அந்த அம்மா. நான் அதற்கு அடுத்த கட்டம் என்றேன். மூக்குக்குச் சிவப்பு என்றார். நான் முதல் கட்டம் என்றேன். பரவாயில்லையே, தப்பித்துவிடுவோம் என்று எனக்கு மூச்சு வந்தது.

அண்ணாச்சிக்கு அதுதான் பொறுக்கவில்லை. "என்ன டீச்சர், நீங்க எதுக்குக் குறுக்க குறுக்க கட்டம் எண்ணிக்கிட்டு இருக்கீங்க? அவனுக்குத் தெரியாதா? நீங்க போய் மிஷின்ல ரோலர் கழுவிட்டாவளான்னு பாருங்க" என்றார். நான் நகரவில்லை. அவர் முறைத்தார். கதவுவரை போய் நின்றேன்.

"பழத்துக்கு மூக்கைவிடக் கொஞ்சம் வெளுத்த செவப்பா வச்சிரு" என்றார் அந்த அம்மா.

சுடலைமுத்து மவுஸ் அம்பைக் கொண்டுபோனார். ஒரு கட்டத்துக்கு மேல் நிறுத்தினார். அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார். திரும்ப வந்தார். "என்னலே யோசிக்க?" என்றார் அண்ணாச்சி.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கதவிலிருந்து நான் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு கரண்டு போச்சு என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வந்தது, கையும் சுவிட்சுக்குப் போய்விட்டது. ஆனால் அணைத்தால் நாளைக்கு என்ன? நாளை மறுநாள் என்ன? ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு பவர்கட்டா? நெருக்கடியில் உங்களுக்கு முதலில் தோன்றுகிற வழி அந்த நிமிஷத்தை மட்டும்தான் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றாது. நான் கையை எடுத்துக்கொண்டேன். எடுத்தது சரியா என்று அப்போது எனக்குத் தெரியாது.

சுடலைமுத்துவும் மவுஸிலிருந்து கையை எடுத்தார். எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணுபோலத்தான் தெரியுது. பொறப்புல இருந்தே அப்படித்தான்" என்றார்.

அண்ணாச்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்துவிட்டது. பார்ட்டி முன்னால் தலைகுனிவு என்பது அவருக்குச் சாவுக்குச் சமம். "ஏலே, லேபிள் போடுத பிரஸ்ஸுல இருந்துக்கிட்டு இதை இத்தனை வருஷமா சொல்லாம இருந்திருக்கியே" என்றார்.

"சொன்னா வச்சிருப்பீங்களா அண்ணாச்சி?"

அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ, ஓரத்தில் கிடந்த பழைய மானிட்டரின் மேலிருந்த துணியைப் பிடித்து இழுத்தேன். "அண்ணாச்சி, இதுல உங்களுக்குப் பச்சை தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"அதுல எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியலை. இத்தனை வருஷமா இதுல உக்காந்து போட்ட லேபிள் எல்லாத்தையும் நாம மூணு பேருமே கலர் தெரியாமத்தான் போட்டோம். அப்போ ஒரு பார்ட்டியாவது லேபிளைத் திருப்பிக் கொண்டு வந்தாவளா? இவருக்கு இன்னைக்குத்தான் கண்ணு கெட்டுப் போச்சா?"

முதலாளியிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அண்ணாச்சி என்னை வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் கயத்தாறு அம்மா எழுந்தார். அச்சான லேபிளைக் கையில் வாங்கினால் நேராக வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. டியூப் லைட்டை நம்பமாட்டார்.

"தம்பி, இந்தப் பொட்டி காட்டுத பச்சையை நான் எதுக்கு நம்பணும்? இது வெளிச்சத்துல வார பச்சை. என் பெட்டியில ஒட்டுதது மையில வார பச்சை. மிஷின் ரூம்ல ஒரு கலர் அட்டை தொங்குமே, அதை எடுத்துட்டு வாங்க" என்றார்.

மை கம்பெனி கொடுத்த அட்டை அது. நூற்றுக்கணக்கில் சின்னக் கட்டங்கள் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே மஞ்சள் எவ்வளவு, நீலம் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு, கறுப்பு எவ்வளவு என்று நம்பர் இருக்கும். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். அந்த அம்மா அதை வாசலுக்குக் கொண்டுபோய், பையிலிருந்த பழைய லேபிளை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்து வைத்துப் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் வெறுங்காலோடு வெயிலில் நின்றோம். கடைசியில் ஒரு கட்டத்தில் விரலை ஊன்றினார்.

"இதுதான் என் கிளி. கலர் பாக்கது என் வேலை, அதுக்கு எனக்குக் கண்ணு இருக்கு. நான் காட்டுததை மாத்தாம வைக்கதுதான் இந்தத் தம்பி வேலை. இதுக்குக் கீழ என்ன போட்டிருக்கு, நீயே படி" என்று சுடலைமுத்துவிடம் அட்டையை நீட்டினார்.

அவர் படித்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். புதுக் கம்ப்யூட்டரின் புரோகிராமில் நம்பரை அடித்துக் கலர் வைக்க ஒரு இடம் உண்டு. கண்ணால் பார்த்துக் கட்டத்தை அமுக்குகிற மோகத்தில் நாங்கள் யாரும் அதைத் திறந்தே பார்த்ததில்லை. நான் திறந்து காட்டினேன். மஞ்சள் முழுசு, நீலம் முக்கால், மற்றதெல்லாம் இல்லை. அவர் ஒவ்வொன்றாக அடித்தார். பிறகு பழத்துக்கும் மூக்குக்கும் அதே அட்டையிலிருந்து சிவப்பு நம்பர்கள். என்டர் தட்டினார்.

கிளி அந்த அம்மா காட்டிய பச்சையாக வந்து நின்றது. பழம் சிவப்பாக வந்தது. எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் தெரிந்தது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நாற்காலியோடு திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பச்சை வந்திருச்சா?"

இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் வாய் திறந்து கேட்காத கேள்வி அது. தொட்டுப் பார்த்தும், நம்பரை வைத்தும், மற்றவர்கள் சிரித்த பிறகு சிரித்தும் காலத்தை ஓட்டிய மனிதர், முதலாளியின் முகத்துக்கு நேராக அதைக் கேட்டுவிட்டார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்பதும் அதற்குள்தான் இருந்தது. அண்ணாச்சிக்கும் அது புரிந்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, குனிந்து, கிளியை வால்வரைக்கும் பார்த்தார்.

"வந்திருச்சுலே" என்றார். "நல்ல பச்சையா வந்திருக்கு. பழத்துல மட்டும் செவப்பு ஒரு நூல் தூக்கலா இருக்கு, கொறச்சிரு."

சுடலைமுத்து நம்பரைக் குறைத்தார். "இப்போ?"

"இப்போ சரி."

நான் கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. கயத்தாறு அம்மாவைக் காரில் ஏற்றிவிட்டு அண்ணாச்சி திரும்பி வந்தபோது, சுடலைமுத்து டிபன் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு, போகவா இருக்கவா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். அண்ணாச்சி அவரைத் தாண்டி உள்ளே போனார். நாலு எட்டு வைத்துவிட்டு, திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துருலே. காலண்டர் வேலை தலைக்கு மேல கெடக்கு."